ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலமும் நிறைவு நிகழ்காலமும்: நோக்குப்புள்ளி வழி ஒரு விளக்கம்

ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலத்தையும் நிறைவு நிகழ்காலத்தையும் பிரித்தறிய, செயல் நிகழ்ந்து எவ்வளவு காலமாயிற்று என்பதை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. ஹான்ஸ் ரைஹன்பாக் 1947இல் நிகழ்வு, நோக்கு, பேச்சு என மூன்று காலப்புள்ளிகளை வகுத்தார். 'ஐ லாஸ்ட் மை கீ' என்பதில் நோக்குப்புள்ளி நிகழ்வோடு கடந்த காலத்தில் நிற்கிறது. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பதில் அது பேசும் கணத்தோடு இணைகிறது. சாவி இன்னும் கிடைக்கவில்லை என்னும் குறிப்பு அதனால் பெறப்படுகிறது. எனவே, முடிந்துபோன காலத்தைச் சுட்டும் 'எஸ்டர்டே' போன்ற சொல் பின்னதனோடு வாராது.

தமிழிலோ 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்பது இயல்பான தொடர். சான்றுகொண்டு உய்த்துணர்ந்த செய்தியையும் அது உணர்த்தும். ஆகவே, 'இருக்கிறார்' என வருமிடமெல்லாம் 'ஹேஸ்' இட்டுப் பெயர்ப்பது பிழைக்கு வழிவகுக்கும். வினைவடிவத்தைக் கற்பிக்கும் முன், கூற்று எக்காலத்தைப் பற்றியது என்று வினவ மாணவரைப் பழக்குதல் வேண்டும்.