கல்லறை தெரியாத ஒருவர்

விடிய மூன்று மணிக்கே பேலியகொடை மீன் சந்தை சுறுசுறுப்பாகிவிடும். நீர்கொழும்பு, சிலாபம், மன்னார், திருகோணமலை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஐஸ் பெட்டிகளோடு லொறிகள் வந்து நிற்கும். 2011இல் புறக்கோட்டையிலிருந்து மொத்த வியாபாரத்தை இங்கே மாற்றியதிலிருந்து இதுதான் வழமை. லொறிகளின் முன்கண்ணாடியைப் பார்த்தால் போதும், வந்தவர் எந்தப் பக்கத்தவர் என்று பாதி தெரிந்துவிடும்: அந்தோனியார், செபஸ்தியார், மடு மாதா.

இந்தக் கரையோரச் சனங்களுக்குக் கத்தோலிக்க வேதம் எப்படி வந்தது என்று கேட்டால், போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்பார்கள். அது பாதிக் கதை. கொண்டுவந்தவர்கள் 1658க்குள் தீவை விட்டே போய்விட்டார்கள். கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள், அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பது குற்றமானது, கோயில்கள் சீர்திருத்தச் சபையிடம் போயின. ஏறக்குறைய முப்பது வருடம் நிலையான ஒரு குரு இல்லை. அப்படிப்பட்ட சபை அந்தத் தலைமுறையோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணமானவர்களில் முதலாமவர் யோசப் வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனவ்லிமில், கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஐரோப்பியத் துறவற சபைகள் அந்த நாளில் உள்ளூர்க் குருமாரைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் கோவாக் குருமார் சிலர் தாங்களே ஒரு குழுவாக வாழத் தொடங்கினார்கள். அதைக் கட்டி நிறுத்தியவர் வாஸ். பிறகு இலங்கையில் மேய்ப்பனில்லாமல் கிடக்கும் சனத்தின் செய்தி அவரை இழுத்தது.

1687இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியவரைக் குரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூலியாள் வேடம், வயிற்றுக்கடுப்பு, கூட வந்த ஊழியர் ஒருவர், அவ்வளவுதான். கத்தோலிக்கர் யார் என்று யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் காட்டிக்கொடுப்பு. ஆகவே கழுத்தில் பெரியதொரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்தார். சில்லாலையில் அவருக்கு இடம் கிடைத்தது. இரவில் பூசை, விடியுமுன் இடமாற்றம். 1689 நத்தாரையொட்டி ஒல்லாந்தர் நடத்திய தேடுதலுக்குத் தப்பி, கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்த புத்தளத்துக்குப் போனார். 1692இல் கண்டிக்குப் போனால் அங்கே போர்த்துக்கேய உளவாளி என்று சிறை. விடுதலையானபின் அதே கண்டியைத் தளமாக்கிக்கொண்டு, ஒல்லாந்தர் ஆண்ட கொழும்புக்கும் மாறுவேடத்தில் வந்துபோனார்.

இவரைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் வழமையாக 1696இல் வறட்சியின்போது இவர் செபித்து மழை வந்த கதையில் நின்றுவிடுவார்கள். எனக்கு அதைவிட அடுத்த வருடத்துக் கதை முக்கியம். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டுப் போனான், வசதியுள்ளவர்கள் போனார்கள், நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டோரம் விட்டுவிட்டுப் போனார்கள். வாஸும் அவருடைய உறவினரான யோசப் கர்வாலியோ அடிகளும் போகவில்லை. ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் நோயாளிகளைக் கிடத்திக் கஞ்சி கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், செத்தவர்களுக்குக் குழி தோண்டினார்கள். நோயாளிகளில் பெரும்பாலானோர் பௌத்தர்கள். வேதத்தில் சேர்ந்தால்தான் கஞ்சி என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நோய்க்காலத்தில் ஒதுக்கப்படுவது என்னவென்று பேலியகொடைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2020 ஒக்டோபரில் கொரோனா கொத்தணி இங்குள்ள மீன் சந்தையில் வெடித்தபோது, சந்தை மூடியது மட்டுமல்ல, மீனே வேண்டாம் என்று நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சனத்தின் பயத்தைப் போக்க முன்னாள் மீன்பிடி இராஜாங்க அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்தது. மீனுக்கு வக்காலத்து வாங்க ஒருவராவது வந்தார். மீன் விற்றவனைத் தேடிப் போனவர்கள் குறைவு.

அர்த்தமுள்ள வாழ்க்கை என்று கோயில்களில் நிறையப் பேசுகிறோம். வாஸின் வாழ்க்கையில் என்னைப் பிடிப்பது தியாகம் மட்டுமல்ல. தான் இல்லாத நாளுக்காக அவர் செய்துவைத்த ஏற்பாடு. ஏறத்தாழ பத்து வருடம் தனியாக நின்றவர், கோவாவிலிருந்து தோழர்கள் வந்தவுடன் தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்து அவர்களிடம் கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம், குரு வராத மாதங்களில் ஊரைக் கூட்டிச் செபம் நடத்தவும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகிறவன் பக்கத்தில் இருக்கவும் ஊரவர்களையே பழக்கியது. மூப்பர், அண்ணாவியார் என்ற பொறுப்புகள் தமிழ் ஊர்களிலும் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கோயில்களிலும் வேரூன்றி நின்றதற்கு இந்த இருட்டுக் காலம் ஒரு முக்கிய காரணம். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். அங்கேயே கோயிலில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் பின்னர் அழிந்தது. புதைத்த இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அவரைத் தேடியவர்களுடைய கல்லறைக் கற்களைப் பார்ப்பது மிகச் சுலபம். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1749இல் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் ஆலயத்தில், குடும்பச் சின்னமும் பட்டமும் செதுக்கிய ஒல்லாந்தக் கற்கள் தரையிலும் சுவரிலும் பதிந்திருக்கின்றன. அவர்களையும் ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. கொழும்பில் அச்சுக்கூடம் வைத்தவர்கள் அவர்கள்தான்; அவர்களுடைய சபையில் குருவான கொழும்புத் தமிழர் பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் இங்கேதான் அச்சானது.

வாஸின் ஆட்களிடம் அச்சுக்கூடம் இல்லை. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். பிரதிகள் கையால் எழுதியே பரவின. அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் வடக்கின் கத்தோலிக்க ஊர்களில் ராகத்தோடு வாசித்து வந்தார்கள். சிங்களத்தில் அவர் எழுதிய துக்பிராப்தி பிரசங்கய மேற்குக் கரையோரத்தில் ஒப்பாரி போல ஒலித்தது. இரு பக்கத்தவரும் ஒரே ஆளின் எழுத்துக்குக் கண்ணீர் விடுகிறோம் என்று அறியாமலே பல தலைமுறை கழிந்தது. கொன்சால்வேஸ் 1742இல் போலவத்தையில் இறந்தார்.

நமது கோயில்களில் இப்போது வாங்கு ஒன்று கொடுத்தால் பெயர்ப் பலகை, மின்விசிறி கொடுத்தால் அதன் இறகிலேயே பெயர். கொடுக்கிறவர் கொடுக்கட்டும், ஆனால் அடுத்த வருடத் தவக்காலத்தில் பிரசங்கம் வாசிக்க யாரைப் பழக்குகிறோம் என்று கேட்டால் பங்குச் சபைக் கூட்டத்தில் சத்தமே வராது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரும் 2015இல் பாப்பரசர் பிரான்சிஸும் காலிமுகத்திடலில் வாஸைப் பீடத்தில் ஏற்றினார்கள். அன்றைக்கு வெயிலில் நின்ற நம்மில் எத்தனை பேர் ஒரு மூப்பருடைய வேலையைக் கையேற்கத் தயாராகத் திரும்பினோம் என்று எனக்குச் சந்தேகம்.

ஒல்லாந்தர் போன பின்னர், 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். உத்தியோகத்துக்கும் காணி உரிமைக்குமாகச் சீர்திருத்தச் சபைப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்த பெருந்தொகையானோர் சில வருடங்களில் கலைந்துபோனார்கள். சில்லாலையிலும் நீர்கொழும்பிலும் கொழும்பின் மீனவர் தெருக்களிலும் செபமாலையோடு வெளியே வந்தவர்களை எழுதிவைக்கப் பதிவேடு எதுவும் இருந்ததில்லை. வாஸ் இறந்து அப்போது 95 வருடம்.