வீழும் ரொக்கெற்றை வானிற் பற்றுதல்: எலெக்ட்ரோன் முயற்சி பற்றிய ஒரு நோக்கு

செய்மதியை விண்ணுக்கு ஏற்றிச் செல்லும் ரொக்கெற்றின் கீழ்க்கூறு, தன் எரிபொருளைச் சில நிமிடங்களிற் செலவிட்டபின் கழன்று கடலில் வீழ்கின்றது. முதற்கட்டம் எனப்படும் இக்கூறிலேயே பொறிகளிற் பெரும்பாலானவை அமைந்துள்ளன. ரொக்கெற்றின் விலையிற் பெரும்பகுதியும் இதற்கே உரியது. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் இவ்வழக்கம் விண்வெளிப் பயணம் தொடங்கிய நாள்முதல் நெடுங்காலம் நிலவிற்று. இதனை மாற்ற மேற்கொள்ளப்பட்ட வழிகளுள் விந்தையானதொன்று, பரசூட்டில் தொங்கியவாறு இறங்கும் முதற்கட்டத்தை ஹெலிகொப்டரொன்று வானிலேயே கொளுவிப் பிடிப்பதாகும். நியூசிலாந்தில் 2022 ஆம் ஆண்டு இது மெய்யாகவே நிகழ்ந்தது. ஓராண்டு நிறைவதற்கு முன்னரே கைவிடவும்பட்டது. ஒருமுறை கைகூடிய இம்முறை ஏன் கைவிடப்பட்டது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினா. பிடிப்பது அரிதாயிற்று, ஆதலால் விட்டனர் என எளிதாகக் கூறிவிடலாம். அவ்விடை போதாது என்பது எம் கருத்து.

வானிற் பற்றும் கலை புதியதன்று. 1960 ஓகஸ்ட் 19 இல் ஹவாய்த் தீவுகளுக்கு அண்மையில், டிஸ்கவரர் 14 என்னும் செய்மதியிலிருந்து பரசூட்டில் இறங்கிய படச்சுருட் கலமொன்றை, அமெரிக்க விமானப் படையின் சி-119 விமானமொன்று ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்திற் கொளுவி உள்ளிழுத்தது. விமானி ஹரோல்ட் மிற்செல் இரு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவையே வெற்றி கண்டார். கொரோனா எனப்பட்ட அவ்வுளவுத் திட்டம் 1972 வரை தன் படச்சுருள்களைப் பெரும்பாலும் இவ்வாறே பெற்றது. வியட்நாம் போர்க்காலத்தில், உளவு பார்த்துத் திரும்பிய ஆளில்லா விமானங்களை ஹெலிகொப்டர்கள் வானிற் பிடித்தன; அத்தகைய பிடிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இவற்றோடு சேர்த்து நோக்கவேண்டிய தோல்வியொன்றும் உண்டு. ஞாயிற்றுக் காற்றின் துணிக்கைகளைச் சேகரித்துவந்த ஜெனிசிஸ் கலத்தை 2004 செப்டெம்பர் 8 இல் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துக்கு மேலே பிடிப்பதற்கு ஹெலிகொப்டர்கள் காத்துநின்றன. கலத்தின் ஆர்முடுகலை உணர்ந்து பரசூட்டை விரிக்கச் செய்யவேண்டிய ஆளிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. பரசூட் விரியவில்லை. கலம் மணிக்கு ஏறக்குறைய 310 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதியது. விமானிகள் தம் திறனைக் காட்டுதற்கு வாய்ப்பே இருக்கவில்லை. பரசூட்டில் அமைதியாக இறங்கும் ஒன்றைப் பற்றுதல் பயிற்சியாற் கைவரும் என்பதையும், அந்நிலைவரை அதனைக் கொண்டு சேர்ப்பதே அரிது என்பதையும் இந்நிகழ்ச்சிகள் ஒருங்கே உணர்த்துகின்றன.

இனி எலெக்ட்ரோன் ரொக்கெற்றுக்கு வருவோம். ரொக்கெற் லாப் நிறுவனம் ஆக்கிய இது 18 மீற்றர் உயரமும் 1.2 மீற்றர் விட்டமும் கொண்ட சிறியதொரு ரொக்கெற். கரிநார்க் கலவையால் ஆனது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் சுமையைக் கொண்டுசெல்லும். நியூசிலாந்தின் மாஹியா குடாநாட்டிலிருந்து 2017 இல் முதன்முதலாக ஏவப்பட்டு, 2018 ஜனவரியிற் சுற்றுப்பாதையை எட்டியது. இதன் முதற்கட்டத்தில் ஒன்பது பொறிகள் உள்ளன. எமது பௌதிக நூல்களில் அணுக்கருவைக் கண்டவராக நாம் அறிந்த இரதபோட் நியூசிலாந்திற் பிறந்தவராதலின், அப்பொறிகளுக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. எரிபொருளைப் பொறிக்குள் தள்ளும் பம்பிகளை இவற்றில் மின்கலங்களால் ஓடும் மின்மோட்டர்கள் இயக்குகின்றன. இச்செய்தி பின்னர் எமக்குத் தேவைப்படும்.

பல்கன் 9 என்னும் பெரிய ரொக்கெற்றின் முதற்கட்டம் 2015 டிசெம்பரில் தன் பொறிகளை மீள எரித்து நிலத்தில் நிமிர்ந்து இறங்கியதை உலகம் கண்டது. அவ்வழியை எலெக்ட்ரோன் ஏன் பின்பற்றவில்லை? இறங்குவதற்கெனச் சேமிக்கப்படும் எரிபொருள், ஏறும்போது வீண் சுமையாகும். பெரிய ரொக்கெற் இவ்விழப்பைத் தாங்கும். முந்நூறு கிலோகிராம் மட்டும் சுமக்கும் ஒன்றில் இவ்விழப்பைக் கழித்தால் விற்பதற்கு மிஞ்சுவது சொற்பமே. இக்காரணத்தால், எலெக்ட்ரோனை மீளப் பயன்படுத்தப்போவதில்லை என நிறுவனத்தின் தலைவர் பீற்றர் பெக் முன்னர் கூறிவந்தார். பயன்படுத்தினால் தன் தொப்பியைத் தின்பதாகவும் சொல்லியிருந்தார். 2019 ஓகஸ்டில் அவர் தம் நிலையை மாற்றி, ஹெலிகொப்டர்த் திட்டத்தை அறிவித்தார். 2021 இல் தொப்பியொன்றை அரைத்துச் சிறிது உண்டும் காட்டினார். தம் கணிப்புப் பிழையென இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வோர் அரியர்.

எரிபொருளைச் செலவிடாது வேகத்தைக் குறைப்பதற்குக் காற்று ஒன்றே துணை. ஏவப்பட்டு ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முதற்கட்டம் பிரிகின்றது. சிறு வாயுத் தாரைகளால் அது திருப்பப்பட்டு, பொறிகள் முன்னிற்க வளிமண்டலத்துட் புகுகின்றது. அப்போது அதன் வேகம் மணிக்கு 8,300 கிலோமீற்றரை அண்மிக்கும். சூழவுள்ள வாயுவின் வெப்பநிலை 2,400 பாகை செல்சியசு வரை உயரும். ஏறக்குறைய 13 கிலோமீற்றர் உயரத்திற் சிறிய பரசூட்டும், 6 கிலோமீற்றரிற் பெரிய பரசூட்டும் விரிகின்றன. இறுதியில் வேகம் செக்கனுக்கு 10 மீற்றராகின்றது.

இவ்விரு வேகங்களையும் ஒப்பிட்டால் தெளிவொன்று பிறக்கும். 8,300 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 2,300 மீற்றர். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாதலின், பரசூட்டில் தொங்கும் நிலையில் எஞ்சியிருப்பது தொடக்கச் சக்தியின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதையெல்லாம் காற்று முன்னரே உண்டுவிட்டது. செக்கனுக்கு 10 மீற்றர் என்பது, ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து விடப்பட்ட பொருள் நிலத்தை அடையும் வேகம். ஆகவே ஹெலிகொப்டர் தவிர்க்க முயல்வது, ஐந்து மீற்றர் வீழ்ச்சிக்கு ஒப்பான ஒரு மோதலையும் அதன்பின் வரும் உப்புநீரையும் மட்டுமே. எமது வாதத்துக்கு இக்கணக்கே அடிப்படை.

பிடிக்கும் முறை வருமாறு. ஹெலிகொப்டரின் அடியில் நீண்டதொரு கயிறும் அதன் நுனியிற் கொக்கியும் தொங்கும். கயிறு நீண்டிருத்தல் அவசியம்; அன்றேல் சுழலியிலிருந்து கீழ்நோக்கி வீசும் காற்று பரசூட்டைக் குலைத்துவிடும். விமானி பரசூட்டுக்கு மேலாகப் பறந்து, அதனோடிணைந்த கயிற்றிற் கொக்கியை மாட்டவேண்டும். மாட்டிய கணத்தில், வெறுமையாக இருந்த கயிற்றில் ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள, 12 மீற்றர் நீளமான உருளையொன்று ஊசலாடத் தொடங்கும். 2020 மார்ச்சில், ஒரு ஹெலிகொப்டர் போட்ட மாதிரியொன்றை வேறொரு ஹெலிகொப்டர் ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்திற் பிடித்து இதனைப் பரிசோதித்தது. அதே ஆண்டு நவெம்பரில் மெய்யான முதற்கட்டமொன்று பரசூட்டிற் கடலில் இறக்கி மீட்கப்பட்டது.

2022 மே 3 ஆம் நாள், நியூசிலாந்து நேரப்படி முற்பகலில், 34 செய்மதிகளோடு எலெக்ட்ரோன் ஏவப்பட்டது. சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகொப்டர் கடலுக்கு மேலே காத்திருந்தது. ஏறத்தாழ பதினைந்து நிமிடங்களின்பின், 2,000 மீற்றரை அண்மித்த உயரத்திற் கொக்கி மாட்டியது. விண்ணின் விளிம்பைத் தொட்டு மீண்ட ஒரு முதற்கட்டம் மனிதர் ஓட்டிய ஊர்தியொன்றில் வானிலே தொங்கியது. சில கணங்களே. சுமையின் போக்கு பயிற்சியில் உணர்ந்ததினின்றும் வேறுபட்டிருப்பதை விமானி உணர்ந்தார். கொக்கியைத் திறந்து அதனை விட்டார். அது மீண்டும் பரசூட்டில் இறங்கிக் கடலைச் சேர, கப்பலொன்று மீட்டது.

இதனைத் தோல்வி எனச் செய்தி எழுதியோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆள் ஏறிய ஊர்தியின் கீழே, தன் இயல்பு நன்கறியப்படாத ஒரு தொன் சுமை ஊசலாடும்போது, அதனை விடுதலே முறை. விடுதற்கு வழி வைத்திருந்தமை திட்டத்தின் ஒழுங்கான பகுதி. ஆயினும் இங்கு ஓர் உண்மை வெளிப்பட்டது: மீட்சியின் இக்கடைசிச் சிறு பங்கு, முழு முறையிலும் மனித உயிரை வானில் நிறுத்திய ஒரே பங்காகும். அதே ஆண்டு நவெம்பரில், சுவீடனின் மற்ஸ் செய்மதியை ஏவியபோது நிகழ்ந்த இரண்டாம் முயற்சியில், வளிமண்டலத்துட் புகும் வேளையில் முதற்கட்டத்திலிருந்து வரவேண்டிய தகவல்கள் தடைப்பட்டன. அது எங்குள்ளதெனத் திடமாக அறியாது ஹெலிகொப்டரை அருகே அனுப்பலாகாது. பிடி கைவிடப்பட, முதற்கட்டம் கடலில் இறங்கியது.

முன்னைய மீட்சிகளோடு இவ்விரு முதற்கட்டங்களும் கடலில் நனைந்தமையே திட்டத்தின் போக்கை மாற்றியது. உப்புநீர் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. சூடான பொறிகள் குளிர்நீரிற் சடுதியாக அமிழும். குளோரைட்டு உலோகங்களை அரிக்கும். மின்மோட்டரும் மின்கலமும் நிறைந்த எலெக்ட்ரோனுக்கு நீர் இரட்டைப் பகை. 1981 முதல் 2011 வரை விண்ணோடத்தின் திண்ம எரிபொருள் உந்திகள் அத்திலாந்திக்கிலிருந்து கப்பல்களால் மீட்கப்பட்டன. ஆனால் அவை தடித்த உருக்குக் குழாய்கள், ஒப்பிடத் தகா. ஆயினும் மீட்டெடுத்த எலெக்ட்ரோன் கூறுகளைப் பிரித்து நோக்கியபோது, எதிர்பார்த்ததிலும் நன்னிலையில் அவை இருந்தன. நீர் புகும் இடங்களை அடைத்துக் காத்தால், ஹெலிகொப்டர் தவிர்க்க வந்த தீங்கே குறைந்துவிடும் எனப் பொறியியலாளர் கண்டனர். வானிலை முதலியவற்றால் ஏவல்களிற் பாதியளவிலேயே வானிற் பிடித்தல் இயலும் எனவும், கடலிலிருந்து எடுத்தால் 60 முதல் 70 சதவீதம் வரை இயலும் எனவும் 2023 இல் நிறுவனம் கணக்கிட்டது. ஹெலிகொப்டர் ஓய்வு பெற்றது.

இது தனியொரு நிறுவனத்தின் மனமாற்றமன்று. ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் தன் ரொக்கெற்றின் முனைக்கூட்டுப் பாதிகளைப் பெரு வலை விரித்த கப்பல்களாற் பிடிக்க முயன்றது. 2019 ஜூனில் ஒன்றையும், 2020 ஜூலையில் இரண்டையும் ஒருங்கே பிடித்தது. பிடிக்கக் கற்றுக்கொண்ட பின்னரே, 2021 இல், வலையைக் களைந்து அவற்றை நீரிலிருந்து எடுக்கும் வழக்கத்துக்கு மாறியது. கற்றுக்கொண்ட வித்தையை, அதன் தேவையே நீங்கியதால் விட்டனர். எலெக்ட்ரோன் முயற்சிக்கும் இதுவே நேர்ந்தது என்பது எம் முடிபு.

2022 மேயில் ஹெலிகொப்டர் பிடித்து விட்ட அம்முதற்கட்டத்தின் பொறிகளுள் ஒன்று, கடல்நீரில் நனைந்திருந்தும், சீர்செய்யப்பட்டு அவ்வாண்டு செப்டெம்பரில் நிலப் பரிசோதனையில் எரிந்தது. 2023 ஓகஸ்டில், எலெக்ட்ரோனின் நாற்பதாவது ஏவலின்போது, ஒன்பது பொறிகளுள் ஒன்றாக அது மீண்டும் பறந்தது.