பாட்டிலில் வியர்ப்பது வெறும் தண்ணீர் அல்ல

குளிர்பான விளம்பரத்தில் பாட்டில் மேல் முத்து முத்தாக நிற்கும் துளிகளில் பெரும்பாலும் பாதி கிளிசரின். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நிஜ பாட்டிலும் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் லைட்டைச் சரிசெய்வதற்குள் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்துவிடும். காகித லேபிள் ஊறிப்போகும். அதனால் கிளிசரினையும் தண்ணீரையும் ஏறக்குறையச் சரிபாதி கலந்து ஸ்ப்ரே செய்கிறார்கள். கிளிசரின் சீக்கிரம் காயாது, கெட்டியானது; துளி விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் நிற்கும். கைதேர்ந்தவர்கள் பானத்தின் மட்டத்துக்கு மேலே டேப் ஒட்டி மறைத்த பிறகே ஸ்ப்ரே அடிப்பார்கள். பானம் இல்லாத கழுத்துப் பகுதி நிஜத்தில் அவ்வளவாக வியர்க்காதே!

ஐஸ் கட்டிகள் பல நேரம் அக்ரிலிக். உருகாது, ஆனால் மூழ்கும். அது தண்ணீரைவிடக் கனம். எனவே கிளாஸை அடியிலிருந்து விளிம்பு வரை கட்டிகளால் அடைத்துவிடுவார்கள். படத்தில் ஒற்றை ஐஸ் கட்டி அடியில் உட்கார்ந்திருந்தால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

இதெல்லாம் ஏமாற்று இல்லையா? விற்கும் பொருள் எது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் காம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கோலிகுண்டுகளைப் போட்டார்கள். காய்கறித் துண்டுகள் மேலே வந்து, சூப் நிறையக் காய் இருப்பதுபோல் தெரிந்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1970-இல் அந்த வித்தைக்குத் தடை போட்டது. ஐஸ் போலியாக இருக்கலாம்; ஜூஸ் விளம்பரத்தில் ஜூஸ் போலியாக இருக்கக் கூடாது என்பதே என் கட்சியும்.

துளியையும் ஐஸையும்விடக் கடினம் லைட்டிங். தண்ணீரைப் படமெடுப்பது என்றால் அதன் பின்னால் இருப்பதைப் படமெடுப்பதுதான். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் பாட்டில் தட்டையாக, உயிரில்லாமல் விழும். பின்னணியை வெளிச்சமாக்கி, இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினால் விளிம்பில் கறுப்புக் கோடு ஓடி, உருவம் எடுப்பாகத் தெரியும். நிறமுள்ள பானமென்றால் பாட்டிலைவிடச் சற்றுச் சிறிதாக ஒரு வெள்ளி அல்லது தங்க நிற அட்டையை வெட்டிப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். பானம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும்.

தெறிக்கும் நீரை உறையவைப்பது ஷட்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்டூடியோவில் அந்த வேலையைச் செய்வது ஃபிளாஷ். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகம் எடுத்திருக்கும். ஃபிளாஷ் 1/1000 வினாடி எரிந்தால் அதற்குள் துளி 3 மில்லிமீட்டர் நகர்ந்து, படம் கலங்கும். 1/10,000 வினாடி என்றால் 0.3 மில்லிமீட்டர்தான். பால் துளி கிரீடமாகத் தெறிக்கும் புகழ்பெற்ற படத்தை 1957-இல் ஹெரால்டு எட்ஜர்ட்டன் எடுத்ததும் ஃபிளாஷின் தயவில்தான். பெரிய ஸ்டூடியோ ஃபிளாஷ்கள் பலவற்றில் பவரைக் குறைத்தால் எரியும் நேரமும் குறையும். குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட இரண்டு மூன்று விளக்கைச் சேர்ப்பார்கள்.

பேக்கேஜிங்குக்குப் போகும் படத்துக்கு இன்னொரு கண்டம் அச்சகத்தில் காத்திருக்கிறது. திரையில் பளீரென்ற நீலம், நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கிவிடும். ஷாம்பு பாட்டிலில் ஒட்டுவதுபோன்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் லேபிளில் தனியாக வெள்ளை மை அடித்த பிறகே மற்ற நிறங்களை ஏற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால், பாடுபட்டு எடுத்த துளிகளின் வெள்ளை மினுக்கெல்லாம் ஓட்டையாகி உள்ளே இருக்கும் ஷாம்பு தெரியும்.