ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பெயர்

பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டதற்காக சவூதி அரேபியாவை உலக அரங்கில் ஒரு 'பரையா' (pariah, வெறுத்து ஒதுக்கப்பட்டது) ஆக்குவேன் என்ற பொருளில் ஜோ பைடன் 2019 நவம்பரில் ஒரு தேர்தல் விவாத மேடையில் பேசினார். ஆங்கில நாளேடுகளுக்கு இது அன்றாடச் சொல். வட கொரியாவைப் பற்றி எழுதினாலும், ஊழலில் சிக்கிய தலைவரைப் பற்றி எழுதினாலும் எந்த உறுத்தலும் இல்லாமல் வந்து விழுகிறது. அது தமிழ்நாட்டில் இன்றும் வாழும் பறையர் என்ற மக்களின் பெயர். அதை வசையாக எழுதுவதை ஆங்கிலப் பத்திரிகைகள், குறிப்பாக இந்தியாவில் அச்சாகிறவை, நிறுத்த வேண்டும்.

புறநானூற்றின் 335ஆம் பாடல் போற்றிச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் உண்டு; துடியன், பாணன், கடம்பன் மற்ற மூவர். ஐரோப்பியர் கப்பலேறி வந்தபோது நிலைமை வேறு: அந்தக் குடி சேரிக்குள் அடைக்கப்பட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் எழுதிவைத்த பெயர், அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் ஒரு சாதியின் பெயர். பிறகு இந்தியா முழுவதும் தீண்டாமைக்கு ஆளான எல்லோருக்குமான பொதுப்பெயர். அதோடு நிற்கவில்லை. நம் தெருநாய் ஆங்கிலேயருக்கு 'பரையா டாக்' ஆனது, கரும்பருந்து 'பரையா கைட்' ஆனது. மனிதர்களின் பெயரை நாய்க்கு வைப்பதில் தவறிருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டன் த சேன்-பியர் எழுதிய கதையில், அறிவாளிகளைத் தேடி அலையும் ஆங்கிலேயருக்கு உண்மையை உணர்த்துபவர் ஒரு பறையர். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்ணியவாதி தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் 'பரியா' என்று அழைத்துக்கொண்டார். 1944இல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் யூதர்களின் நிலையை விளக்க இதே சொல்லை எடுத்தார். இவர்கள் எழுத்தில் 'பரையா' குற்றமற்றவர், குற்றம் ஒதுக்கியவர்களுடையது. இன்றைய செய்தி ஆங்கிலம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. கொலை செய்த அரசு, ஒப்பந்தத்தை மீறிய அரசு, அதாவது ஒதுக்கப்படத் தகுதியானது எதுவோ அதுவே 'பரையா'. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் அப்படித்தான் எழுதினார்கள். பிறப்பைக் காட்டி மனிதர்களை ஒதுக்கிய ஓர் அரசுக்கு, பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்!

சொல்லின் வேர் வேறு, இன்றைய பொருள் வேறு என்று சிலர் மறுப்பார்கள். லண்டனில் எழுதுகிறவர் மனதில் எந்தச் சாதியும் இல்லை என்பார்கள். 'வாண்டல்' (நாசகாரர்) என்பதும் ஒரு காலத்தில் ஓர் இனத்தின் பெயர்தானே என்றும் கேட்பார்கள். வாண்டல்கள் இன்று இல்லை. அந்தப் பெயரால் குடிநீர் மறுக்கப்பட்ட பாட்டியோ, பள்ளியில் தலைகுனிந்த பேரனோ எங்கும் இல்லை. பறையர் என்ற பெயரோ தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அரசாணையில் இருக்கிறது, சாதிச் சான்றிதழில் அச்சாகிறது. அதைத் தாங்கும் மாணவர் ஆங்கில அகராதியைப் புரட்டினால், தன் சமூகத்தின் பெயருக்கு எதிரே வெறுத்து ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளைப் படிக்கிறார். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது அந்த மாணவருக்கு என்ன ஆறுதல் தரும்?

இன்னொரு மறுப்பு கனமானது. தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரை மறைத்து உரிமை பெற முடியாது என்பது அவர் துணிவு. அப்படியிருக்க, அச்சொல்லைக் கண்டு நாம் ஏன் கூச வேண்டும்? கூச வேண்டியதில்லைதான். தன் பெயரைத் தானே தலைநிமிர்ந்து சொல்வது ஒருவருக்குள்ள உரிமை. அதே பெயரைக் கொலைகார அரசுகளுக்குச் சூட்டுவது அந்த உரிமையைப் பறிப்பது. அரசு ஏடுகளில் இப்பெயரை மாற்றி 'ஆதி திராவிடர்' என எழுதும்படி சென்னை சட்டமன்றத்தில் தலித் தலைவர் எம்.சி. ராஜா வலியுறுத்தினார், 1922இல் அரசாணையும் வந்தது. பிரிட்டிஷ் அரசின் எழுத்தர்களாலேயே கைவிட முடிந்த ஒரு வழக்கம் இது. ஆங்கிலத்தில் மாற்றுச் சொல்லுக்கும் பஞ்சமில்லை: 'அவுட்காஸ்ட்' இருக்கிறது, 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று நேராக எழுதவும் வழியிருக்கிறது.