விடை சொல்லாத வாத்தியார்!

வேலைக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு பயம் உண்டு. பையன் எதையாவது கேட்டு, அதற்கு விடை தெரியாமல் போனால்? வகுப்பில் மதிப்புப் போய்விடுமே!

இந்தப் பயத்தை வெல்ல வழி காட்டிய பள்ளிகள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தன. ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானப் பாடம் புது முறையில் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம நிலையம் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் இதை நடத்தின. 1978-ல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இந்த முறை பரவியது. அந்த மாவட்டத்தின் இன்றைய பெயர் நர்மதாபுரம்.

புது முறை என்ன? ஆசிரியர் விடை சொல்ல மாட்டார். கேள்விதான் கொடுப்பார். விடையைப் பிள்ளைகளே தேட வேண்டும்.

இலையும் வேரும்

ஒரு பாடத்தைப் பார்ப்போம். பிள்ளைகள் வயலுக்குப் போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். கடுகு இலையில் நரம்புகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். அதற்கு ஆணிவேர். கோதுமை இலையில் நரம்புகள் கோடு கோடாக ஓடும். அதற்குச் சல்லிவேர். புல்லும் அப்படியே, மக்காச்சோளமும் அப்படியே.

பத்துச் செடிகளைப் பட்டியல் போட்டதும் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்: இலையைப் பார்த்தே வேரைச் சொல்லிவிடலாம்! கரும்பலகையில் எழுதிப் போட ஒரு நிமிஷம் போதும். தாமே கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். ஆனால் தாமே கண்டது எளிதில் மறக்காது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள்ளே போதும். 1978-ல் அங்கே வந்த அரவிந்த் குப்தா என்ற என்ஜினீயர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார்.

"தெரியாது, பார்ப்போம்!"

ஒரு பிள்ளை சேம்புச் செடியைக் கொண்டு வந்தால்? அதன் இலையில் நரம்புகள் வலைபோல் தெரியும், வேரோ சல்லிவேர்! கண்ட விதி உடைந்து போகிறது. புது ஆசிரியர் தடுமாறுவது இங்கேதான். அதட்டி உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி கேட்காது. "எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்றால் பாடம் வளரும்.

இந்தத் துணிவு தானாக வராது. அதனால் ஆசிரியர்களே முதலில் மாணவர்போல் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பழகினர். பின்னர் மாதந்தோறும் கூடிச் சந்தேகங்களைப் பேசினர். பரீட்சையும் மாறியது. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். செய்முறைக்கும் மார்க் உண்டு. பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதரும் இருந்தார். கடிதங்களுக்கு அவர் பெயரில் பதில் போயிற்று.

2002-ல் மாநில அரசு இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. திட்டம் நின்றாலும் வழி அடைபடவில்லை. ஒரு பிடி புல்லும் ஒரு கடுகுச் செடியும் இருந்தால் நாளைக்கே பாடத்தைத் தொடங்கலாம். விடையை மட்டும் ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது!