ஆடியில் வேப்பமுத்து, ஐப்பசியில் கன்று



குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதத்தில் நம்ம ஊர் வேப்பமரத்தடியில் என்ன கிடக்கும்? மஞ்சள் மஞ்சளாக வேப்பம்பழம்! அதை மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருகிறோம். நம் பள்ளிக்கு வேண்டிய நிழல் அந்தப் பழத்துக்குள் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஏன் வேம்பு?

குற்றால மலையில் மரங்கள் பச்சையாக இருக்கக் காரணம் மழை. மலையை விட்டுக் கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் வர வர தென்மேற்குப் பருவமழை குறைந்துவிடும். மேகம் மலையிலேயே பெய்துவிடுகிறது, நமக்குக் காத்துதான் மிச்சம். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்று படித்தோம். இங்கேயும் சித்திரை வெயிலில் பச்சையாக நிற்கிறது வேம்பு. காரணம் அதன் ஆணிவேர். அது ஆழத்தில் போய் ஈரம் தேடும். வருடத்துக்கு 400 மி.மீ. மழை பெய்யும் இடத்திலும் வேம்பு பிழைக்கும். மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டினாலும் உடனே செம்பு நிறக் கொழுந்து விட்டுவிடும்.

சவூதி அரேபியாவில் மக்காவுக்கு அருகே அரஃபாத் என்ற சமவெளி இருக்கிறது. ஹஜ் பயணிகளுக்கு நிழல் வேண்டும் என்று 1980-களில் அங்கே சுமார் 50,000 வேப்பமரங்களை வளர்த்தார்கள். பாலைவனத்திலேயே வளர்கிற மரம் நம் பள்ளியில் வளராதா?

பிறகு ஏன் பட்டுப்போகிறது?

வருடா வருடம் மரக்கன்று நடுகிறோம், கைதட்டுகிறோம். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. பெரிய வேம்புக்குத் தண்ணீர் வேண்டாம். சின்னக் கன்றுக்குக் கண்டிப்பாக வேண்டும். வேர் ஆழத்துக்குப் போகும்வரை அது வறட்சி தாங்கும் மரமே இல்லை. ரொம்ப நாள் பையிலேயே இருந்த கன்றின் ஆணிவேர் சுருண்டுவிடும். அதை நட்டாலும் வேர் கீழே இறங்கக் கஷ்டப்படும்.

எப்படி வளர்ப்பது?

1. நன்றாகப் பழுத்த பழத்தைப் பொறுக்கி, சதையை மணலில் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒருநாள் உலர்த்த வேண்டும். வெயிலில் போடக் கூடாது.

2. பயறு மாதிரி அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது. வேப்பமுத்து சீக்கிரம் உயிர் இழந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுவது நல்லது. எங்க ஆச்சி, "வேப்பமுத்தும் விருந்தாளியும் ஒண்ணு, நாள் கடத்துனா மொகம் வாடிரும்" என்பாள்.

3. பால் கவரில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்து நிரப்பி, ஒரு விரல் அகல ஆழத்தில் முத்தைப் படுக்க வைக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளைக்கும்.

4. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, கவரைக் கிழித்துவிட்டு நட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது, வேர் அழுகிவிடும்.

5. வேப்பங்குழை என்றால் ஆட்டுக்கு உயிர். அதனால் சுற்றிலும் சீமைக்கருவேல முள் வைத்துக் கட்ட வேண்டும்.

முதல் வருடம் கன்று மேலே மெதுவாகத்தான் வளரும். ஏமாந்துவிடாதீர்கள், அது கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கிறது.

கோடையில் என்ன செய்வது?

முதல் இரண்டு கோடையைத் தாண்டினால் போதும். வாரம் இரண்டு முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, தூரைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால் அது சொட்டுச் சொட்டாகக் கசியும். பள்ளி நடக்கும் நாட்களில் சத்துணவுத் தட்டு கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் குழிக்கு விடலாம்.

ஆனால் மே மாதம் யார் ஊற்றுவது? இதுதான் பெரிய கேள்வி. நம் பள்ளிக்கு ஐந்து கன்று போதும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களில் இருப்பவர்கள் ஒரு கன்றுக்கு நான்கு பேர் என்று பெயர் கொடுத்தால், ஒருவருக்கு இரண்டு வாரத்தில் ஒருநாள்தான் முறை வரும். கோடையில் பள்ளிக் கதவைத் திறந்து தர ஏற்பாடு செய்யும்படி தலைமையாசிரியரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டட நிழல் நகர நகர, தட்டோடு நகர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்கள் பத்தாம் வகுப்பு வரும்போதாவது மரத்தடியில் உட்காரட்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.

கன்று நடுவது ஒருநாள் வேலை, காப்பாற்றுவது இரண்டு கோடை வேலை!

– 9-ஆம் வகுப்பு மாணவி

பெயர் கொடுப்பவர்கள்:
1.
2.
3.