கம்பெனிக் கார்: மின்சாரமா, ஹைப்ரிடா?

2018-இல் பிரிட்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார்களில் சிலவற்றின் டிக்கியில், சார்ஜ் ஏற்றும் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒரு காலன் பெட்ரோலுக்குச் சராசரியாக 130 மைல் போகும் என்று தயாரிப்பாளர்கள் சொன்ன கார்கள், சாலையில் 40 மைல் தருவதற்கே திணறின. கார்களில் கோளாறு எதுவும் இல்லை. வரிச்சலுகை கிடைக்கிறதே என்று நிறுவனங்கள் வாங்கின, ஊழியர்கள் பெட்ரோலிலேயே ஓட்டினார்கள்.

மின்சாரத்தைப் பயன்படுத்தும் கார்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் அறிமுகப்படுத்திய ஹைப்ரிட். இதை எந்தச் சுவரிலும் செருக வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகிப் போகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக மாற்றிச் சிறு பேட்டரியில் சேர்க்கும். சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் இன்ஜின் அணைந்து, அந்த மின்சாரம் வேலை செய்யும். அதனால்தான் நெடுஞ்சாலையைவிட நகர நெரிசலில் இதன் சிக்கனம் நன்றாகத் தெரியும். ஆனால் இதில் செலவாகும் ஆற்றல் எல்லாமே கடைசியில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது, இன்ஜினே இல்லாத முழு மின்வாகனம். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதி இன்ஜினில் வெப்பமாகவே போய்விடும், சக்கரத்துக்குக் கால்பங்கு வந்தாலே அதிகம். மின்வாகனத்திலோ பேட்டரியில் இருப்பதில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகிறது. நடுத்தரக் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் அளவில் செலவழிக்கும். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைவு என்பதால், வண்டி எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் கூடுதல் விலை திரும்பி வரும். எனவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வீட்டுக் காரைவிட, தினமும் ஓடும் நிறுவன வண்டிக்கே இது பொருந்தும்.

மூன்றாவது பிளக்-இன் ஹைப்ரிட். இன்ஜின், பெட்ரோல் டேங்க், பெரிய பேட்டரி எல்லாம் ஒரே வண்டியில். தினமும் சார்ஜ் ஏற்றினால் முதல் 50 கிலோமீட்டர் அளவுக்கு மின்சாரத்திலேயே போகலாம். ஏற்றாவிட்டால், அந்தப் பேட்டரியின் எடையையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட வேண்டும். ஆய்வகத்தில் மைலேஜ் கணக்கிடும்போது ஓட்டுநர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுவார் என்று வைத்துக்கொள்கிறார்கள். விளம்பர எண் பெரிதாகத் தெரிவது இதனால்தான். 2021-இல் ஐரோப்பாவில் பதிவான கார்களின் உள்கருவிகள் குறித்துவைத்த எரிபொருள் அளவை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் வெளியிடும் கரியமில வாயு ஆய்வகக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு இருந்தது.

நிறுவனக் கார்களில் நிலைமை இன்னும் மோசம். ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஐரோப்பாவில் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஓட்டிய தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 45 முதல் 49 சதவீதம், மின்சாரத்தில் ஓடியது. நிறுவனக் கார்களில் அது 11 முதல் 15 சதவீதம் மட்டுமே. ஒரே வகை வண்டியில் ஏன் இவ்வளவு வேறுபாடு? பெட்ரோலுக்கு நிறுவனத்தின் கார்டு இருக்கிறது, எவ்வளவு போட்டாலும் ஊழியர் கையிலிருந்து காசு போகாது. வீட்டில் சார்ஜ் ஏற்றினால் மின்கட்டணம் அவர் தலையில் விழும். இதில் ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜெர்மனியின் அஞ்சல் வண்டி. ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் நிறுவனத்தை 2014-இல் ஜெர்மன் அஞ்சல் நிறுவனமே வாங்கியது. அதன் தொடக்ககால வேன் ஒருமுறை சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்தான் போகும். விற்பனைக் கூடத்தில் அது ஒரு குறை. கடிதமும் பார்சலும் கொடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நின்று நின்று போய், மாலையில் அதே கிடங்குக்குத் திரும்பும் வண்டிக்கு அதுவே போதும். பெரிய பேட்டரி வைத்திருந்தால் விலையும் எடையும்தான் கூடியிருக்கும். பின்னாளில் அந்த நிறுவனம் கைமாறியது, ஆனால் ஓடும் வேலையை முதலில் அளந்துவிட்டு வண்டியை வடிவமைத்த அந்த முறை சரியானது.

அளக்காமல் வாங்கினால் என்னவாகும் என்பதற்குத் தொலைவுக்குப் போக வேண்டாம். அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்கார்கள் வாங்க ஈஈஎஸ்எல் நிறுவனம் 2017-இல் டெண்டர் விட்டது. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டமாக இருக்கிறது என்று டெல்லி அதிகாரிகள் குறைகூறுவதாக அடுத்த ஆண்டே செய்தி வந்தது. அதே 80 கிலோமீட்டர்தான். அங்கே வேலைக்குப் பொருந்தியது, இங்கே பொருந்தவில்லை.

வாங்குபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று ஷெட்டின் மின் இணைப்பு. 20 கார்கள் தினமும் 100 கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரவு ஏழு மணிக்கு எல்லாவற்றையும் 3.3 கிலோவாட் சார்ஜரில் ஒன்றாகச் செருகினால் 66 கிலோவாட் வேண்டும். பல கட்டடங்கள் வாங்கிவைத்திருக்கும் மின்சுமை இதைத் தாங்காது. ஆனால் 20 கார்களுக்கும் சேர்த்துத் தேவைப்படுவது 300 யூனிட்தான். முறை வைத்துப் பத்து மணி நேரத்தில் ஏற்றினால் 30 கிலோவாட்டிலேயே முடிந்துவிடும். புதிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகும் செலவை ஓர் இரவு அட்டவணை தவிர்த்துவிடும்.

ஊழியர்களை ஏற்றிவந்து இறக்கும் வண்டி, ஊருக்குள் சரக்கு போடும் வண்டி போன்ற, தடம் தெரிந்த, இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகளுக்கு முழு மின்வாகனத்தை வாங்கலாம், தயங்க வேண்டாம். இன்று தூத்துக்குடி, நாளை ஓசூர் என்று அலையும் விற்பனை அதிகாரிக்கு, வழியில் சார்ஜர் நிச்சயமாகக் கிடைக்கும் வரை, சாதாரண ஹைப்ரிடே சரி. பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குவதென்றால், சார்ஜ் ஏற்றுவதை யார் கவனிப்பார் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

எதை வாங்கும் முன்பும் ஒரு மாதத்து டிரிப் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். சராசரி தூரத்தோடு, அதிகமாக ஓடிய நாளின் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றுபவரானால், தினமும் 15 யூனிட் என்றால்கூட இரண்டு மாத மின்கணக்கில் 700 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடுவது தமிழ்நாட்டு வழக்கம். அந்தப் பணத்தை மாதாமாதம் சம்பளத்தோடு சேர்த்து அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.